கடைவாயில் வெள்ளி

"இந்த வெள்ளியத் தோண்டி எடுத்துருங்க மேடம்."

கம்பெனி பல் முகாமில் எதுவும் கேட்கக் கூடாது என்று அறைத்தோழி உலகம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "பல்லக் காட்டு ஏட்டி, வாயக் காட்டாத." வேல்விழியின் வாய் யார் சொல்லியும் அடங்கியதில்லை.

சிறுவயதில் கடைவாய்ப் பல்லின் குழியில் அடைத்த வெள்ளி அது. அதில் பாதி பாதரசம் என்று வேதியியல் வகுப்பில் படித்தபோது அவள் சிரித்தாள். இப்போது மூன்று மாதம். வயிறு தெரிந்தால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது தொழிற்சாலை லைனில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊரில் இருக்கும் கணவன் அருள்பாண்டியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து பிள்ளைப்பாக்கத்து அறையில் தூங்கும் பகல் தூக்கத்தில் ஒரே கனவு. கல்லூரி ஆய்வகத்தில் உடைந்த தெர்மாமீட்டரின் மணிகள் அவள் நாக்கின்மேல் உருளும். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு ஜன்னல், ஜன்னலில் கண்மூடிய சின்ன முகம். அவள் மூச்சு விட்டதும் மணிகள் புகையாகி, தூறல்போல உள்ளே இறங்கும்.

டாக்டர் கங்கா கண்ணாடியைப் பல்லருகே கொண்டுபோனார். "நல்லாத்தானேம்மா இருக்கு. தோண்டினாத்தான் பாதரச ஆவி ஜாஸ்தி வரும்."

"முழுகாம இருக்கேன்." குரல் தாழ்ந்தது.

"அப்ப தொடவே மாட்டேன். கொழந்த பொறக்கட்டும், பாக்கலாம். தானா கசியறது கொஞ்சம்தான், பயப்படாத. ஆனா ஏன் இப்படித் தேஞ்சு பளபளங்குது? என்ன மெல்லுற?"

"சூயிங்கம். லைன்ல எல்லாரும்தான்."

நைட் ஷிப்டில் கண் சொக்காமலிருக்கச் சூப்பர்வைசர் தசரதன் பட்டை பட்டையாகக் கொடுப்பார். அசையாத வாய் தூங்குகிற வாய் என்பது அவர் கணக்கு. விடிய விடிய மெல்லுவார்கள்.

"மெல்லுறப்பதான் அது அதிகமா கசியும். விட்டுடு."

"விட்டா தூங்கிருவேன் மேடம்."

"அப்ப நைட்ட விடு."

தலைக்கு மேலே விளக்கு ஒரு பெரிய வெள்ளித் துளியாகத் தொங்கியது. விழவில்லை. வேல்விழி எழுந்தாள்.

திரைக்கு வெளியே சூயிங்கம் பட்டையோடு தசரதன். "இன்னாம்மா, பல்லு ஓகேவா? இந்தா, ராத்திரிக்கு."

வாங்கி, அவர் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினாள். "ராத்திரிக்கு நான் இல்ல சார். மூணு மாசம் எனக்கு. பகல் ஷிப்டு போடுங்க."

"போச்சு," என்றாள் வரிசையில் நின்ற உலகம்மாள்.

"ஆபீஸ்ல நான் இன்னான்னு சொல்றது?" என்றார் தசரதன்.

"நீங்க ஏன் சொல்லணும்? நானே போறேன்."

அசையாத வாயோடு வெயிலில் இறங்கி, ஆபீஸ் கட்டடத்தைப் பார்த்து நடந்தாள்.