ஹம்னாவின் வயிற்றுப் பட்டன்

ஹம்னாவால் பிறந்ததிலிருந்தே விழுங்க முடியாது. ஊட்டிய பால் சுவாசப்பைக்குள் போய் மூன்று தடவை நியூமோனியா வந்ததால், வயிற்றில் துளையிட்டு நீளமான டியூப் வைத்தார்கள். ஆறு வயதானதும் அவள் அதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். அப்போதுதான் டியூபுக்குப் பதிலாக வைக்கும் பட்டனைப் பற்றி டொக்டர் சொன்னார். தோலோடு ஒட்டிய சின்ன மூடி மட்டும் வெளியே தெரியும். பால் கொடுக்கும்போது மட்டும் டியூபைக் கொழுவினால் போதும். உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

தாய் நதீராவுக்கு அந்தப் பலூன்தான் பயம். தண்ணீர் ஒழுகினால் என்ன ஆகும் என்று கேட்டாள். பட்டன் கழன்று வரும், சில மணித்தியாலத்துக்குள் துளை சுருங்கிவிடும், உடனே வேறொன்று போட வேண்டும் என்று தாதி இமக்குலேற் மறைக்காமல் சொன்னார். நீள டியூப் இல்லாவிட்டால் மகள் குப்புறப் படுக்கலாமே என்றான் கணவன் முபாறக். நதீரா இரண்டு மாதம் யோசித்துத்தான் சம்மதித்தாள். துளையின் ஆழத்தை அளந்து பட்டனைத் தெரிவுசெய்த இமக்குலேற், மேலதிகமாக ஒன்றைக் கொடுத்து, பொம்மையில் போட்டுப் பழக்கினார். கிழமைக்கொருமுறை பலூன் தண்ணீரை உறிஞ்சி அளக்கச் சொன்னார்.

நாலு மாதம் ஒழுங்காகச் செய்தாள். பிறகு துளையைச் சுற்றித் தோல் சிவந்தது. தொட்டால் பிள்ளை துடித்தாள். இரண்டு கிழமை நதீரா பலூனை அளக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முபாறக் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தான். ஹம்னாவைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது பட்டனும் அதோடு வந்தது. பலூன் சுருங்கிக் கிடந்தது. துளையிலிருந்து பால் வழிந்தது. முபாறக் போனை நிறுத்தி வைத்திருந்தான். இமக்குலேற்றுக்குக் கோல் எடுத்தாள்.

"மிஸ், கழண்டு வந்துட்டு. என்னால ஏலாது."

"ஏலும் நதீரா. போனை ஸ்பீக்கர்ல போட்டு வைங்க. புதுசு எங்க இருக்கு?"

பிள்ளையைப் படுக்க வைத்து, புதுப் பட்டனின் பலூனைச் சோதித்து, நுனியில் ஜெல் பூசினாள். தள்ளினாள், போகவில்லை. ஹம்னா வீறிட்டாள். துளை மூடிவிட்டது என்றே நினைத்தாள் நதீரா.

"புள்ள அழக்குள்ள வயிறு இறுகும். தள்ளாதீங்க. அழுகை அடங்கட்டும்."

பிள்ளையின் நெற்றியைத் தடவியபடி ஸலவாத்து ஓதினாள். அழுகை விம்மலானது. மூச்சு வெளியே போன கணத்தில் நேராக அழுத்தினாள். உள்ளே போய்விட்டது. ஐந்து மில்லி லீற்றர் தண்ணீர் ஏற்றிவிட்டு, சிரிஞ்சால் மெல்ல இழுத்துப் பார்த்தாள். புளித்த பால் வந்தது. அப்படியென்றால் பட்டன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்றார் இமக்குலேற். ஆனாலும் பால் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார்.

பள்ளிவாசலிலிருந்து வந்த முபாறக் ஓட்டோ பிடித்தான். வழி முழுக்க நதீராவின் கை பட்டனை விட்டு அகலவில்லை. இரண்டு கிழமை அளக்காததை ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே சொன்னாள். இமக்குலேற் ஏசவில்லை. பிள்ளை கொழுத்திருக்கிறாள், அந்த அளவுப் பட்டன் இப்போது அவளுக்குக் கட்டை, அது தோலை அழுத்தியதால்தான் சிவந்திருக்கிறது என்றார். அதைவிட நீளமான பட்டன் ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டு, சிவந்த அன்றைக்கே கோல் எடுத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் நதீரா கணவனிடம் சொன்னாள்: "இனி நீங்களும் பழகணும். தனிய என்னால ஏலாது."

"எனக்குப் பயம்" என்றான் அவன்.

"எனக்கும்தான்."

அடுத்த கிழமை முபாறக் பலூன் தண்ணீரை உறிஞ்சி அளந்தான். ஐந்து மில்லி லீற்றரும் சரியாக இருந்தது. நம்பாமல் நதீரா இன்னொரு தடவை அளக்கச் சொன்னாள்.