நூல்கடையில் வெளிநாட்டுக் கட்டணம்

தெருமுனை நூல்கடைக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் கடல் எதுவும் இல்லை என்பது தையற்காரிக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கிரெடிட் கார்டு பில்லில், செவ்வாய்க்கிழமை அங்கே வாங்கிய நூல்கண்டுக்குக் கீழே, "அந்நியச் செலாவணிக் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி இருந்தது. புதனுக்கும் வியாழனுக்கும் அதே கதை. உடனே வங்கிக்குப் போன் போட்டுப் பிடி பிடியென்று பிடித்தாள்.

"தெருமுனையில இருக்கிற கடைக்கு வெளிநாட்டுக் கட்டணமா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"முன்னெல்லாம் விலையோட சேர்த்துடுவோம்மா. இப்ப எதையும் மறைக்காம தனியா காட்டணும்னு உத்தரவு," என்றாள் வங்கிப் பெண், கொஞ்சமும் பதறாமல். "அந்தக் கடை இங்க இல்லம்மா. நீங்களும் இங்க இல்ல. செவ்வாய்க்கிழமையிலேருந்து வெளிநாட்டுலதான் இருக்கீங்க."

"நான் என் வீட்டுக் கட்டில்ல உக்காந்திருக்கேன்!"

"திரும்பி வர்ற தேதிய சொன்னா அன்னிலேருந்து கட்டணத்த நிறுத்திடுவோம். இங்க எங்க பதிவுல அந்தத் தேதிக்கான கட்டம் காலியா இருக்கு."

"யார்கிட்ட இவ்வளவு சத்தம்?" என்று கேட்டபடி கணவர் உள்ளே வந்தார். போன மாதம் அவளே தைத்த நீலச் சட்டையை இன்றுதான் முதன்முதலாகப் போட்டிருந்தார். ஆண்கள் சட்டைக்கு வலப்பக்கம் பொத்தான் வைத்து வைத்தே இருபது வருஷம் ஓட்டியவள் அவள்; இந்தச் சட்டைக்கும் அப்படித்தான் வைத்திருந்தாள். இப்போது அவர் சட்டையில் பொத்தான்கள் இடப்பக்கம் இருந்தன.

அவள் போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டணம் எவ்வளவு வேணும்னாலும் பிடிச்சுக்கோங்க," என்றாள் மெதுவாக. "எப்படித் திரும்பி வர்றதுன்னு மட்டும் சொல்லுங்க."