இடது கையுறையின் மடிப்பு

குத்துச்சண்டை மேடையில் உண்மையாகவே அணிந்த சாமான்கள் என்னிடம் முப்பத்தொன்று இருக்கின்றன. காலணி, அரைக்கால் சட்டை, வியர்வை காய்ந்த துண்டு என்று எல்லாவற்றுக்கும் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் இல்லாததை நான் தொடவும் மாட்டேன். என் மனைவி இதைப் பைத்தியம் என்பாள். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், சொல்லும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மச்சான் ஒரே ஒருமுறை பட்டம் வென்றவர், இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு. அன்றைய சிவப்புக் கையுறைகளைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் இடது கையுறையின் ரத்தக் கறையைக் காட்டி, "இது அவன் மூக்கு" என்பார். அவர் பழகிய ஜிம்மில் இப்போது கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். ஜெயித்தவர்களின் சாமான், அதுவும் சான்றிதழோடு இருந்தால்தான் உள்ளே இடம். மச்சானுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. வாய்விட்டுக் கேட்கத்தான் மாட்டார். நானே கையுறைகளை, சான்றிதழ் கொடுக்கும் சரிபார்ப்பவரிடம் கொண்டுபோனேன்.

அவர் தோலின் மடிப்புகளைப் பழைய மேடைப் படங்களோடு பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிடுவார். மூன்றாம் நாள் கூப்பிட்டு, "இது உங்க மச்சான் போட்டதில்ல" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே போய், "இத்தனை வருஷமா எங்க காதுல பூ சுத்தினீங்களா?" என்று கத்திவிட்டேன். மச்சானின் முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் சரிபார்ப்பவர் மறுபடி கூப்பிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைய எதிராளியின் படங்களையும் பார்த்திருக்கிறார். இடது கட்டைவிரலருகே இருந்த கோணல் மடிப்பு அப்படியே பொருந்தியது.

"ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். மணிக்கட்டுல சுத்துற டேப்தான் அடையாளம். சண்டை முடிஞ்சதும் அதை வெட்டிப் போட்டுடுவாங்க. உடை மாத்துற ரூம்ல மாறியிருக்கும்."

கையுறைகளைத் திருப்பிக் கொடுத்து மச்சானிடம் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. அவர் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது புருவத்துத் தழும்பைத் தடவினார்.

"அப்போ இது என் ரத்தமா மாப்பிள்ளை?" என்று சிரித்தார். "சரி, என்னோடது அவன்கிட்ட இருக்கும்ல?"

எதிராளி இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். அவர் போன் எண்ணைத் தேடிப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். முழுக் கதையையும் கேட்ட பிறகு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"என்னோடதுன்னு நெனச்சு அன்னிக்கே குப்பைத்தொட்டில போட்டுட்டேன் அண்ணே. தோத்த கையுறையை வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரல."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிப் பெட்டி அவ்வளவுதான். மறுமுனையில் யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப என்னோடது..." என்றார் டயர் கடைக்காரர். "இன்னுமா இருக்கு?"

"இருக்கு. பூஞ்சை புடிக்காம நான்தான் பாத்துக்கிட்டேன். வந்து எடுத்துட்டுப் போ" என்றார் மச்சான். "கறையை மட்டும் தொடைச்சுடாதடா. அது என்னோடது."