எரியாத புள்ளி

துப்பாக்கிக் கடைக்காரர் ஆர்வெல், எங்கள் துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து உருவியெடுத்து, கண்ணாடி மேஜையில் விரித்திருந்த துண்டின்மேல் வைத்தார். ஜன்னலோரம் மணல் பைகளை அடுக்கி அவற்றின்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, சாலைக்கு அப்பாலிருந்த தண்ணீர்த் தொட்டியை நோக்கி லேசாகத் திருப்பினார். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் குழாய்தான். பின்பக்கம் கண்ணை வைத்தால் முன்பக்கம் வட்டமாக வெளிச்சம் தெரியும். அந்த வட்டத்தின் நடுவில் எது இருக்கிறதோ, தலையை மட்டும் உயர்த்தி, குறி பார்க்கிற ஸ்கோப்பில் பார்த்தால் குறுக்குக்கோடும் அதன்மேல்தான் நிற்க வேண்டும். நின்றால் ஸ்கோப் சரி. விலகியிருந்தால் மாட்டியவர் தப்பு. மாட்டியவள் நான்.

"நல்லாப் பாத்து சொல்லு ஆர்வெல். எம் பொண்ணோட கைவேலை என்ன லட்சணம்னு ஊருக்கே தெரியட்டும்," என்றார் அப்பா. முக்காலியில் உட்கார்ந்து காகிதக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கடையில் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை. ஆனாலும் பத்துப் பேருக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

ஒரு வருஷமாக இதே பாட்டு. அப்பாவின் பிறந்தநாளுக்கு இந்த ஸ்கவுட் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்ததும் நான், ஸ்கோப்பை மாட்டியதும் நான். மற்ற துப்பாக்கிகளில் ஸ்கோப் கண்ணுக்குப் பக்கத்தில் போல்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இதில் அப்படியில்லை, முன்னால் தள்ளிக் குழலின்மேல் இருக்கும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சட்டென்று குறி பார்க்கலாம், தோளில் தொங்கவிட்டால் கனமே தெரியாது, வயசாகிறவருக்கு இதைவிட வசதி கிடையாது என்று வீட்டில் எல்லோரிடமும் வாதாடினேன். போன இலையுதிர்காலத்தில் அப்பா அதால் சுட்ட ஒரே எல்க் மான் தப்பித்துப் போனது. "ஸ்கோப் ஒரு முழம் தள்ளியிருக்கு," என்று சொல்லிவிட்டு அதன்பின் அந்தப் பருவம் முழுக்கத் துப்பாக்கியைத் தொடவில்லை. கோணல் துப்பாக்கியால் ஒரு ஜீவனைக் காயப்படுத்த மாட்டேன் என்றார். மனுஷன் என்றால் வெர்லின்தான் மனுஷன் என்று ஊர் அவரை மெச்சியது. என்னைச் சும்மா விடவில்லை. சர்ச் விருந்தில் பீன்ஸ் பாத்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது, "ட்ரெஸ்ஸா, எங்க வீட்ல ஒரு படம் மாட்டணும், நேரா மாட்டுவியா?" என்று கேட்பார்கள். நான் கேஸ் லாரி ஓட்டுகிறவள். மலைமேல் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் குழாய் பொருத்தி, கசிவு பார்த்து, திருகை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவே இறுக்கிப் பிழைக்கிறவள். அந்தக் கேலி எனக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. இந்த வருஷமும் வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் எங்கள் பெயர் விழுந்தபோது, அப்பாவுக்கு வேறு ஸ்கோப் வாங்கலாம், அதற்கு முன்னால் பழையதை ஆர்வெல் சோதிக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாக அவரை இழுத்து வந்தேன்.

வண்டியையும் நானே ஓட்டினேன். முட்டி வலிக்கிறது என்று கோடையிலிருந்து அப்பா ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. வழியில் பக்கத்துப் பண்ணை செலஸ்டினோ பாக்காவின் கேட்டைத் தாண்டும்போது சாவிக்கொத்தை வெளியே எடுத்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டார். அந்த கேட்டுக்கு முன்பெல்லாம் பூட்டே கிடையாது. போன வருஷம் செலஸ்டினோவின் கனேலா என்ற செம்பழுப்புக் குதிரையை யாரோ சுட்டுவிட்டார்கள். காக்கைகள் வட்டமிடுவதைப் பார்த்துத்தான் ஓடையில் கிடந்ததைக் கண்டுபிடித்தார். ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து வேட்டைக்கு வருகிற எவனோ குதிரைக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஊரே காறித் துப்பியது. நானும் துப்பினேன், தீவனக் கடையில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாக. மனைவி போனபின் செலஸ்டினோ பேசிக்கொண்டிருந்தது அந்தக் குதிரையோடுதான். அன்று சங்கிலி போட்டுப் பூட்டியவர், ஒரு சாவியை அப்பாவிடம் கொடுத்தார். குதிரையைப் புதைக்கக் குழி தோண்ட எங்கள் இயந்திரத்தை ஓட்டிப்போனவர் அப்பாதானே.

ஆர்வெல் குழாய் வழியாகப் பார்த்தார். தலையை உயர்த்தி ஸ்கோப்பில் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"பாப்பா, நீ வந்து பாரு."

நாற்பது தாண்டியவளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வட்டத்தின் நடுவில் தொட்டியின் உச்சியிலிருந்த சிவப்பு விளக்கு. தலையை உயர்த்தினேன். குறுக்குக்கோடு அதே விளக்கின்மேல் நின்றது. மயிரிழை விலகல் இல்லை.

"நான் பாத்ததுலயே சுத்தமான வேலை. ஒரு வருஷமா வண்டில ஆடியும் அசையல," என்றார் ஆர்வெல்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாத்தியார் எல்லோர் முன்னிலும் பாராட்டிய பிள்ளைபோல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "கேட்டீங்களாப்பா? வாங்க, நீங்களே பாருங்க."

"எதுக்கு? ஆர்வெல் சொன்னா சரியாத்தான் இருக்கும்." அப்பா காப்பிக் கோப்பையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப குண்டு எப்படி ஒரு முழம் தள்ளிப் போச்சு?"

விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வருஷக் கேலிக்கு வட்டியோடு பதில் சொல்கிற நாள் இது என்று எனக்குள் ஒருத்தி வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். ஆர்வெல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குறுக்கே வந்தார்.

"இந்த மாதிரி முன்னாடி தள்ளி மாட்ற ஸ்கோப்புல ஒரு கோளாறு உண்டு. காலைல சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருந்தா, வெளிச்சம் கண்ணாடிப் பின்பக்கம் விழுந்து எல்லாம் வெளுத்துடும். உள்ள ஒண்ணும் தெரியாது. நல்ல நல்ல ஆளுங்களே ஏமாந்துருக்காங்க, வெர்லினு."

"அதேதான்!" அப்பாவுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "சூரியன்தான். பின்னாடியிருந்து சுளீர்னு அடிச்சுது. பாவம், நான் இவளைப் போய்த் திட்டிட்டேன்."

அப்பா அந்த மானைச் சுட்ட அன்று சூரியனே இல்லை. மேகம் மலைமேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. நான் கீழே வண்டியருகில் கையை அக்குளில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். மேட்டின் மேலிருந்து ஒரு வெடி கேட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி, குறி தப்பியது என்று தெரிந்தாலும் சுட்டவர் போய்த் தரையைப் பார்த்தாக வேண்டும், ரத்தம் இல்லை என்று உறுதி செய்யாமல் திரும்பக் கூடாது. அப்பா இறங்கி வர வெகுநேரம் ஆனது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றதற்கு, "பாத்தாச்சு, ஒரு சொட்டு இல்ல. ஏறு வண்டில," என்று அதட்டினார். உன் ஸ்கோப் தள்ளியிருக்கிறது என்று பாதி வழியில்தான் சொன்னார். ஆர்வெலிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சூரியன் விஷயத்தில் அப்பா ஏன் இப்படிப் புளுகுகிறார் என்று எரிச்சல்தான் வந்தது.

ஆர்வெல் அலமாரியைத் திறந்து, குறி பார்க்கிற கருவிகளில் இரண்டு மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று வழக்கம்போல் கண்ணுக்குப் பக்கத்தில் மாட்டுகிற ஸ்கோப். அதை அப்பா ஜன்னல் பக்கம் பிடித்து, "கனமா இருக்கு, இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவராது," என்று கீழே வைத்தார். அடுத்தது இரும்பு வளையம், கண்ணாடியே இல்லாதது. "இதெல்லாம் எங்க தாத்தா காலத்து சமாச்சாரம்." கடைசியாக ஆர்வெல் தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரியும். புள்ளி எதன்மேல் இருக்கிறதோ குண்டு அங்கே போகும். கோடு, அளவு எதுவும் பார்க்க வேண்டியதில்லை. வயசானவர்கள் இப்போது இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அவர் பழைய ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அதைத் துப்பாக்கியின்மேல் வைத்து இறுக்கிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. எடுக்கத் திரும்பினார். அப்பா பொறுக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்து, சுவரில் மாட்டியிருந்த மான் தலையை நோக்கினார்.

"ஆகா. இதுதாம்மா. என்ன பிரகாசம்! பளிச்சுனு இருக்கு புள்ளி."

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் எதுவும் இல்லை. ஆர்வெல் அதை இன்னும் போடவே இல்லை. சுவிட்ச் பக்கவாட்டில் அணைந்த பக்கம் இருந்தது.

"புள்ளி எங்க நிக்குதுப்பா?" என்று கேட்டேன்.

தெரிந்துதான் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பெற்ற தகப்பனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வெறி.

"மானோட கழுத்துல. அசையாம நிக்குது." துப்பாக்கி மானுக்கு ஒரு சாண் பக்கத்தில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் மானைத் தேடிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டாததற்கு முட்டி வலியைச் சாக்காகச் சொன்னது எதற்கு என்று அப்போது புரிந்தது. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை ஏன் மூடியே வைத்திருக்கிறார் என்று புரிந்தது. சிரிக்கத் தயாராக இருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. மேகம் இறங்கிய காலை, ஜூனிபர் புதர்களுக்கு நடுவில் செம்பழுப்பாக அசைகிற ஒன்று. மேட்டின் அந்தப் பக்கம் இறங்கினால் ஓடை. அந்த ஓடையில்தான் கனேலா கிடந்தது. அப்பா இறங்கி வர அவ்வளவு நேரம் ஆனது எதனால் என்றும் புரிந்தது. விற்பனைக்குத் தூண்டில் முட்கள் தொங்கிய பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆர்வெல் ஃபோனை வைத்துவிட்டு வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்திருப்பார்.  அவர் பக்கத்தில் வந்து நின்றதை உணர்ந்து அப்பா துப்பாக்கியை மெல்ல இறக்கினார்.

"என்ன?" என்றார்.

"மன்னிச்சுக்க வெர்லினு. எம் புத்திக்கு என்னாச்சோ. நான் அதை இன்னும் போடவே இல்ல," என்றார் ஆர்வெல், தப்பெல்லாம் தன்னுடையது மாதிரி.

அப்பாவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை போனது. மேஜையின் விளிம்பைத் தடவித் தடவித் துப்பாக்கியை வைத்தார். வயசான ஓர் ஆண் வெட்கப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது கொடுமை. அதற்கு நானே காரணமாக இருப்பது அதைவிடக் கொடுமை. ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்த வருஷம் எவ்வளவு லேசானது என்று தோன்றியது.

"எல்லாத்தையும் கழட்டிடுங்க ஆர்வெல். எதுவும் மாட்ட வேணாம்," என்றேன். ஆர்வெல் திருப்புளியை எடுத்தார்.

திரும்பும்போது துப்பாக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் உறைக்குள் கிடந்தது. வழக்கமாக நிறுத்தி மிளகாய் பர்ரிட்டோ வாங்குகிற இடத்தில் நான் நிறுத்தவில்லை, அவரும் கேட்கவில்லை. தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கியது.

"ட்ரெஸ்," என்றார். "உன் ஸ்கோப்புல ஒரு தப்பும் இல்ல."

"தெரியும்ப்பா."

"அது குதிரைனு பக்கத்துல போனப்புறந்தான் தெரிஞ்சுது. கண்ணைத் திறந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. இன்னொரு குண்டு போட்டு முடிக்கணும்னுகூட எனக்குத் தோணல. அது அடங்குற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

 அன்றைக்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரித் திட்டிய ஃபீனிக்ஸ்காரன் இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். குழியை மூடியபின் செலஸ்டினோ இவர் தோளில் சாய்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். பூட்டின் சாவியை இவர் உள்ளங்கையில் வைத்து மூடியதையும் பார்த்திருக்கிறேன்.

செலஸ்டினோவின் கேட் வந்தது. அதைத் தாண்டி ஓட்டிப்போய்விடலாம் என்று ஒரு நொடி மனசு சொன்னது. வேகத்தைக் குறைத்து, கேட்டுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினேன். எங்கள் ஊர் வழக்கத்தில் ஓட்டுகிறவர் இறங்குவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கி கேட்டைத் திறக்க வேண்டும்.

"அப்பா, கேட்டு."

அவர் முன் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். சாவிக்கொத்தில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நெருடி ஒரு சாவியை எடுத்தார். பூட்டைக் கையில் ஏந்தி, துவாரம் எங்கே என்று விரலால் தேடினார். சாவி நழுவியது. மறுபடி தேடினார். இறங்கிப்போய்த் திறந்துவிடலாமா என்று என் கை கதவுவரை போனது. ஆனால் நான் இறங்கவில்லை.

உள்ளே வீட்டு வாசலில் நாய் குரைத்தது. செலஸ்டினோ வெளியே வந்து, எங்கள் வண்டியை அடையாளம் கண்டு, கையை உயரத் தூக்கி ஆட்டினார். அப்பாவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பதிலுக்கு என்னால் கையைத் தூக்க முடியவில்லை. பூட்டு திறந்து சங்கிலி கம்பியில் உரசிக்கொண்டு விழுந்தது. அப்பா கேட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்துபோய், வண்டி உள்ளே போக இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.