கரையாத வசம்பு

ஜெயபாண்டி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். மனைவிக்குத் தலைப்பிரசவம் ஆன அன்று அரியலூர்ப் பக்கம் குவாரியில் லோடுக்காக வரிசையில் நின்றிருந்தான். மறுநாள் அடித்துப் பிடித்து மல்லாங்கிணற்றில் மாமனார் வீட்டுக்கு வந்தபோது, மாரீஸ்வரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது. வருகிறான், மகளைப் பார்க்கிறான், போகிறான். இவள் தன்னோடு பாளையம்பட்டி வீட்டுக்குத் திரும்பி வருவாளா என்றே அவனுக்குப் பயம் வந்துவிட்டது. அத்தனை பெரிய வண்டியைத் திருப்புகிறவனுக்குப் பெண்டாட்டி முகத்தைத் திருப்பத் துப்பில்லை.

இன்று வந்ததும் சட்டைப்பையிலிருந்த ஒரு கல்லை எடுத்து, மாடக்குழியில், குழந்தைக்கு இழைத்துக் கொடுக்கும் உரைமருந்துத் தட்டில் வைத்தான். பார்த்துவிட்டு என்னவென்று கேட்பாள் என்கிற நப்பாசைதான். அவள் பார்க்கவேயில்லை.

சற்று நேரத்தில் குழந்தை வயிறு உப்பி வீறிட்டது. மாமியார் கடைக்குப் போயிருந்தார். மாரீஸ்வரி மகளைத் தோளில் போட்டபடி மாடக்குழிக்குள் கையை விட்டு, சுட்ட வசம்பு என்று நினைத்து விரல் போலக் கறுப்பாக இருந்ததை எடுத்து உரைகல்லில் இழைத்தாள். இழைக்க இழைக்கக் கறுப்பு இறங்கவேயில்லை. கல்தான் கீச்சிட்டது.

"இந்தாங்க, இதென்ன கரையவே மாட்டேங்குது?"

பேசிவிட்டாள். அவன் எழுந்து பக்கத்தில் வந்தான்.

"அது வசம்பு இல்ல, கல்லு. குவாரி இருக்க எடம் முன்ன கடலாம். கணவாய் மீன் மாதிரி ஒரு உசுரு, அதோட ஒடம்புக்குள்ள இருந்த ஓடு கல்லாப் போயிருச்சாம். நத்தை கணக்கா சுருண்ட கல்லும் அங்க கெடக்கும். காலேஜ்காரவுக வந்து சொன்னாக."

"அதை எதுக்கு மருந்துத் தட்டுல வச்சீக?"

"பிள்ளை பொறந்துருச்சுன்னு போன் வந்தப்ப இதுதான் காலடியில கெடந்துச்சு. வண்டியை விட்டுட்டு வர முடியல. கையில எதையாச்சும் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அழுதேன்."

அவன் தட்டில் துழாவி உண்மையான வசம்பை எடுத்து இழைத்தான். அவள் தாய்ப்பால் விட்டுக் குழைத்து மகள் நாக்கில் தடவினாள். அழுகை மெல்ல அடங்கியது.

மாரீஸ்வரி அந்தக் கல்லைக் கழுவி, முந்தானையில் துடைத்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இவளுக்கு இது இருக்கட்டும். அடுத்த பிள்ளைக்குக் கல்லு வேண்டாம், நீங்க வாங்க."