சலங்கை கட்டாத பஸ்

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: உத்திர வீதியில் தம் வீட்டுக் கூடத்துச் சோபாவில் வீதிச் சங்கத் தலைவர் சௌரிராஜன். எதிரே நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி சத்யபாமா. திருச்சியில் பள்ளி ஆசிரியை. ஊஞ்சலில் பக்கத்து வீட்டு ரங்கநாயகி. பிளாஸ்டிக் நாற்காலியில், டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அற்புதசாமி. ஜன்னலோர ஸ்டூலில் மாடிக் குடித்தனக்காரனான நான். முசிறிப் பள்ளியில் எனக்கு மனு எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே வீதிக்கே நான்தான் எழுதுவேன்.

விஷயம் இது. எங்கள் வீதிக்குப் புதிதாக விட்ட பேட்டரி பஸ்ஸில் ஆள் ஏறுவதில்லை. இப்படியே போனால் மாதக் கடைசியில் நிறுத்திவிடுவார்களாம். கருத்து இருந்தால் இன்றைக்குள் பஸ் டெப்போவில் எழுதித் தரலாம். பஸ் நின்றால் சத்யபாமா பழையபடி கணவரின் ஸ்கூட்டரில் போக வேண்டும். அவரோ தெரிந்தவர் யாரைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி க்ஷேமம் விசாரிப்பவர். ஸ்ரீரங்கத்தில் அவருக்குத் தெரியாதவர் இல்லை. தாமதமாக வருவதற்காகப் பள்ளியில் ஏற்கெனவே எச்சரித்துவிட்டார்கள்.

ஆள் ஏறாததற்குக் காரணம், எங்கள் வீதியில் யாரும் நிறுத்தத்தில் காத்திருப்பதில்லை. வண்டிச் சத்தம் கேட்ட பிறகே செருப்பு மாட்டுவோம். பேட்டரி பஸ் சத்தமில்லாமல் வந்து போய்விடுகிறது. அதற்கு ஒரு சத்தம் கேட்டுத்தான் மனு.

“எங்க தாத்தா காலத்துல ஜட்கா,” என்றார் சௌரிராஜன். “குதிரைக் கழுத்துல சலங்கை. அதையே போடச் சொல்லி எழுதும்.”

“குதிரை லத்தியையும் சேர்த்துக் கேக்கலாமா?” என்றார் ரங்கநாயகி. “சைக்கிள் ரிக்‌ஷா மணி போறும்.”

“மணியெல்லாம் கேக்காதுங்க,” என்றார் அற்புதசாமி. “என் வண்டி முனை திரும்புறப்பவே உங்க அலமாரில டம்ளர் ஆடும்ல? அதுதாங்க சத்தம்.”

“உங்க வண்டிப் புகையில வெள்ளை வேஷ்டியெல்லாம் கறுத்துப் போச்சு,” என்றார் சௌரிராஜன்.

“சரி, புகை வேணாம். சத்தத்தை மட்டும் எழுதுங்க சார்.”

எழுதினேன். எதை முதலில் போடுவது என்று வாக்குவாதம் தொடங்கியது. நான் நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஒரு சுவர் நகர்ந்துகொண்டிருந்தது.

“பஸ்,” என்றேன்.

வாசலுக்கு ஓடினோம். ஆளில்லாத பஸ் முனை திரும்பிக்கொண்டிருந்தது.

“இதுக்குத்தான் சலங்கைங்கறேன்,” என்றார் சௌரிராஜன். “வா பாமா, ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன்.”

“வேண்டாம்ன்னா.” சத்யபாமா என் பக்கம் திரும்பினார். “சார், அதைக் கிழிச்சுடுங்கோ. சத்தம் வேண்டாம், பஸ் வரதுக்கு முன்னாடியே நாங்க வந்து நிப்போம், நிறுத்தாதீங்கோன்னு எழுதுங்கோ. எல்லாரும் கையெழுத்துப் போடணும்.”

“எத்தனை நாளைக்கு நிக்கறது?” என்றார் ரங்கநாயகி.

“நான் ரிட்டையர் ஆற வரைக்கும்.”

எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அடுத்த பஸ்ஸுக்கு ஐந்து பேரும் நிறுத்தத்தில் நின்றோம். ஓட்டுநர் பீமராவ் தயங்கித் தயங்கி பஸ்ஸை நிறுத்தினார்.

“என்னங்க, மறியலா?”

“ஏறறதுக்குத்தான்,” என்றார் சத்யபாமா.

மனு உறையை ஒட்டி, டெப்போவில் சேர்க்கச் சொல்லி சத்யபாமாவிடம் கொடுத்தேன். மனு கொடுக்கத் தலைவரும் வர வேண்டுமென்று சௌரிராஜனும் பின்னாலேயே ஏறினார். பஸ் கிளம்பியது. அதற்குச் சத்தமில்லாததால் உள்ளே பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“கொஞ்சம் நிறுத்துமேன், நம்ம வரதன் நிக்கறார்.”

“இங்க ஸ்டாப் இல்லீங்க.”

சத்யபாமா உறையால் விசிறிக்கொண்டபடி போனார்.