பிரியாத தையல்

கார்மென்ட்ஸில் ஒன்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையிலும் சட்டைக்கை தோளோடு சேரும் இடத்தை இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். பிரிந்தால் ரிஜெக்ட். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மர்பி டவுனில் எங்கள் சந்தில் யார் புதுத்துணி வாங்கி வந்து காட்டினாலும் என் விரல் முதலில் தையலைத்தான் தேடும். "உன்கிட்ட காட்டினா புதுசே பழசாயிடும்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அவர் பெயர் முனியப்பன். பொம்மசந்திராவில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மிஷின் ஓட்டினார். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து நின்றார். யூனிஃபார்ம் சட்டையில் வலது பக்கம் சட்டைக்கையே இல்லை. அதைச் சுருட்டி டிபன் பையில் வைத்திருந்தார்.

"இன்னாங்க இது கோலம்?"

"மிஷின் உருளை இழுத்துகிச்சு. நல்ல வேளை, தோள்கிட்ட தையல் பிரிஞ்சு துணி மட்டும் உள்ள பூட்ச்சி. இல்லன்னா என் கை போயிருக்கும்" என்று சிரித்தார்.

சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். நன்றாக நாலு திட்டும் திட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். சட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒற்றை நூல், எட்ட எட்ட விழுந்த தையல். இந்த லட்சணத்தில் தைத்தால் பிரியாமல் என்ன செய்யும் என்று, அதைத் தைத்த முகம் தெரியாத பெண்ணுக்கும் திட்டு விழுந்தது. அந்த மட்டமான தையல்தான் தன் கையைக் காப்பாற்றியது என்று மனிதர் இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். நானும் காது கொடுத்துத்தான் கேட்டேன்.

கம்பெனியில் புதுச் சட்டை வர ஒரு மாதம் ஆகுமாம். "சும்மா நாலு தையல் போட்டுக் குடு சாந்தா, போதும்" என்றார்.

"நாலு தையல் போடறதுக்கு நான் எதுக்கு?"

மறுநாள் காலையில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். ஜீன்ஸ் தைக்கிற நூலை இரட்டையாகக் கோத்து, முன்னே குத்தி, பின்னே வந்து, மறுபடி முன்னே குத்தி, நெருக்க நெருக்கமாகத் தோளைச் சுற்றி இரண்டு வரிசை. முடித்ததும் இரண்டு பக்கமும் பிடித்து மூன்று முறை இழுத்தேன். அசையவில்லை. அவரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். "துணி கிழிஞ்சாலும் கிழியும், என் தையல் பிரியாது" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். என் வாயில் மண்ணைப் போட.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போயிருந்தார்கள். கழற்றிய சட்டையைக் கறுப்பு பிளாஸ்டிக் கவரில் போட்டு நர்ஸ் என்னிடம் கொடுத்தார். வராந்தாவில் நின்றபடி பிரித்தேன். முதுகுப் பக்கம் கந்தலாகக் கிழிந்திருந்தது. முன்பக்கத்தைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். முழங்கைக்குக் கீழே துணியே இல்லை. தோளைச் சுற்றிய என் தையலில் மட்டும் ஒரு நூல்கூட விடவில்லை. அங்கேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சட்டையைக் கம்பெனிக்காரர்கள் விசாரணைக்கு என்று வாங்கிக்கொண்டு போனார்கள். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போதெல்லாம் ஒரே வேண்டுதல்தான்: இவருக்கு மட்டும் இது தெரியவே கூடாது. கை போன வேதனையைவிட அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் சுதீர் வீட்டுக்கு வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். போனில் சட்டையின் போட்டோவைப் பெரிதாக்கி இருவருக்கும் காட்டினார்.

"போன தடவை சட்டைக்கை கழண்டு வந்துச்சு. இந்த தடவை ஏன் வரல்லேன்னு பார்த்தோம். இங்க கையால தைச்சிருக்கு, டபுள் நூல். யாரு தைச்சது?"

காபி டம்ளரோடு நின்றிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"லிங்கராஜபுரத்துல மரத்தடில ஒரு டைலர் சார். இப்ப அங்க இல்ல, எங்கயோ பூட்டான்."

"ஹௌதா, அப்படியா?" சுதீர் எழுதிக்கொண்டார். "ரொம்ப ஸ்ட்ராங்கா தைச்சுட்டான். லூசா தைச்சிருந்தா கை தப்பிச்சிருக்கும்." காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"அப்பவே. கை உள்ள போறப்பவே." என்னைப் பார்க்காமல் சொன்னார். "மிஷினை நிறுத்தறதுக்கு ஓடி வந்தாங்க. அது வரைக்கும் நான் தோளையே பார்த்துட்டிருந்தேன். இப்ப பிரியும், இப்ப பிரியும்னு."

காலியாகத் தொங்கிய வலது சட்டைக்கையை இடது கையால் மடித்துவிட்டார்.

"பிரியவே இல்ல, சாந்தா."

குரலில் கோபமே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.